தொண்ணூற்றொன்பதாவது நாள்

ஜீப்னி வண்டி நிற்பதற்கு முன்பே ரோடலின் குதித்துவிட்டாள்.

நெஞ்சோடு துணியால் கட்டியிருந்த ஜிங்ஜிங் கண்ணைத் திறந்தாள். அம்மா ஓடுகிறாள் என்று தெரிந்ததும் திரும்பவும் மூடிக்கொண்டாள். பிறந்து தொண்ணூற்றொன்பது நாள்தான் ஆகிறது. அதற்குள் எல்லாம் பழகிவிட்டது.

மணி பதினொன்று பதினெட்டு.

பன்னிரண்டுக்குள் எதிரே இருக்கும் கண்ணாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடிக்குப் போய், தனக்கென்று ஒரு ஷிஃப்டை எடுத்தாக வேண்டும். எடுக்காதவர்களுக்கெல்லாம் நள்ளிரவிலிருந்து காலை ஒன்பது வரை. வரும் திங்கள் முதல்.

இந்த விஷயமே அவளுக்கு முக்கால் மணி நேரம் முன்புதான் தெரியும். தண்ணீர் கேன் நிரப்பும் கடையில் அவளோடு வேலை செய்யும் பக்கத்து அறைக்காரி கேட்டாள். "நீ எந்த ஷிஃப்ட் எடுக்கப் போறே?"

"எடுக்கறதா? எனக்கு எப்பவும் பகல்தானே?"

பக்கத்து அறைக்காரி அவளைப் பார்த்த பார்வை, செத்த வீட்டில் பார்ப்பதுபோல் இருந்தது.

ரோடலின் ஏழு வருஷமாக ஆஸ்திரேலியாக்காரர்களின் வாஷிங் மெஷின் புகார்களுக்கு ஃபோனில் பதில் சொன்னவள். அவள் பிரசவ விடுப்பில் போன பிறகு ஆஸ்திரேலியா கைகழுவிவிட்டுப் போய்விட்டது. அதற்குப் பதிலாக அமெரிக்கா வந்தது. அமெரிக்காவின் பகல் பிலிப்பைன்ஸின் செபுவுக்கு ராத்திரி. இருநூற்றுப் பதினான்கு பேருக்கு மிஞ்சிய பகல் இருக்கை இருபது.

கணவன் எல்மர் பேக்கரியில் அடுப்பு வேலை. ராத்திரி ஒன்பதுக்குப் போனால் காலை ஆறுக்குத்தான் வருவான். மாமியார் ஹாங்காங்கில் வேறு யார் குழந்தையையோ பார்த்துக்கொள்கிறாள். ரோடலினுக்கு நள்ளிரவு ஷிஃப்ட் விழுந்தால், வீட்டில் ஜிங்ஜிங்குக்குத் துணை கூரையில் கத்தும் பல்லி ஒன்றுதான்.

வேலையை விட வேண்டும். அல்லது பகல் ஷிஃப்ட் வேண்டும். நடுவில் எதுவும் இல்லை.

"குட் மார்னிங் மேடம்-சார்!" என்றார் வாசல் காவலர் மனோங் தியோ. எல்லோருக்கும் அவர் மனோங், அதாவது அண்ணன்; யார் வந்தாலும் அவருக்கு மேடம்-சார்தான். ஆளைப் பார்த்துப் பிரிப்பதெல்லாம் தலைவலி என்று பன்னிரண்டு வருஷம் முன்பே விட்டுவிட்டார்.

"வழி விடுங்க மனோங். ஷிஃப்ட் எடுக்கணும்."

பைகளைக் கிளறும் குச்சியைக் கக்கத்தில் செருகிக்கொண்டு அவர் அடையாள அட்டையை வாங்கினார். படித்தார். மேஜை மேலிருந்த ஒரு தாளைப் பார்த்தார். இரண்டடி பின்னால் போனார்.

"மேடம், நீங்க லீவுல இருக்கீங்க."

"ஆமா. அதுக்கென்ன?"

"லீவுல இருக்கறவங்கள உள்ள விடக் கூடாது. சட்டம்."

தாளை நீட்டினார். பிரசவ விடுப்பில் இருப்பவர்களிடம் யாரும் வேலை வாங்கிவிடாதபடி அவர்களைப் பாதுகாப்பதற்காக, அவர்கள் கட்டடத்துக்குள் வருவது முற்றிலும் தடை செய்யப்பட்டிருக்கிறது. கீழே கையெழுத்து: வெண்டல் அபெல்யனோசா, டீம் லீடர்.

"நான் வேலை பாக்க வரல மனோங். வேலையக் காப்பாத்த வந்திருக்கேன்."

"அதத்தானே நாங்க பண்ணிட்டிருக்கோம்? நீங்க ஏன் சிரமப்படறீங்க?"

"கம்ப்யூட்டர்லயாவது எடுக்கலாம்னா என் லாகினப் பூட்டிட்டாங்க."

"தெரியாத்தனமா வேலை செஞ்சுடக் கூடாதுல்ல."

"குரூப்புலேருந்தும் தூக்கிட்டாங்க."

"ரெஸ்ட் எடுக்கட்டும்னுதான்."

"ஹெச்.ஆருக்கு ஃபோன் பண்ணா எடுக்க மாட்டேங்கறாங்க!"

மனோங் தியோ யோசித்தார். "அது லீவுக்காக இல்ல மேடம். அது எல்லாருக்குமே அப்படித்தான்."

பதினொன்று இருபத்திரண்டு.

அவர் ஃபோனை எடுத்து யாரிடமோ ரகசியக் குரலில் பேசினார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கண்ணாடிக் கதவு திறந்தது. வெண்டல் வந்தார். கையில் ஒரு டப்பா ஹோப்பியா பலகாரம், அதன் மேல் ஒரு தாள்.

வெண்டலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். உருண்டையான மனிதர், வயது நாற்பது, எப்போதும் பேபி பவுடர் வாசனை. கம்பெனியில் ஒரு பெண்ணுக்கு நாள் தள்ளிப்போனால் புருஷனுக்குத் தெரிவதற்கு முன்பு இவருக்குத் தெரிந்துவிடும். உடனே போய் நிற்பார். "என் டீமுக்கு வந்துடும்மா, நான் பாத்துக்கறேன்." மாத்திரை வாங்கித் தருவார். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிப்பார். குழந்தை பிறந்தால் சர்ச்சில் ஞானத்தகப்பனாகவும் நிற்பார். போன ஞாயிற்றுக்கிழமை ஜிங்ஜிங்கின் தலையில் தண்ணீர் ஊற்றியபோது பிடித்திருந்தது அவர் கைதான். அவருக்கு அது ஒன்பதாவது ஞானக் குழந்தை. புனிதர் என்று சொல்லாதவர்கள் இல்லை.

"அய்யோ ரோட்ஸ்! வெயில்ல கொழந்தையத் தூக்கிட்டு வந்திருக்கே! உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

"சார், ஷிஃப்ட் எடுக்கறது இன்னிக்குக் கடைசியாம். ஏன் சொல்லல?"

"சொன்னா டென்ஷன் ஆவே. டென்ஷன் ஆனா பால் வத்திடும்."

"எனக்குப் பகல் வேணும் சார். உங்களுக்குத்தான் எங்க வீட்டு நிலம தெரியுமே."

"தெரியும்மா. ஆனா ரேங்க்படிதானே எடுக்க முடியும்? போன மாசத்துல நீ ஒரு கால்கூட எடுக்கல. உன் ரேங்க் எங்க இருக்கும்னு நினைக்கறே?"

ரோடலின் தலையைக் குனிந்தாள். "கடைசில."

வெண்டல் ஹோப்பியா டப்பாவைத் திறந்தார்.

"ஒண்ணு எடுத்துக்கோ. அதான் நான் சொல்றேன், லீவ இன்னும் முப்பது நாள் நீட்டிடு. சம்பளம் வராது, ஆனா நிம்மதி வரும். ஃபாரம் நானே எழுதிட்டேன். நாப்பத்தஞ்சு நாள் முன்னாடியே கொடுக்கணுமாம். அதனால தேதிய ஜூலைல போட்டுட்டேன். கையெழுத்தக்கூட பென்சில்ல போட்டு வெச்சிருக்கேன், நீ மேல இழுத்தாப் போதும்."

இது மூன்றாவது தடவை. முதல் தடவை ஒரு முழு வறுத்த கோழியோடு வந்தார். இரண்டாம் தடவை ஒரு தொட்டில். ஒவ்வொரு தடவையும் கிளம்பும்போது, "லீவ நீட்டலாமே?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்பு என்றுதான் ரோடலின் நினைத்திருந்தாள்.

இன்றைக்கு அந்த அன்பு வியர்த்திருந்தது. நெற்றியிலிருந்து ஒரு சொட்டு ஹோப்பியா மேலேயே விழுந்தது.

"இன்னும் முப்பது நாள் கழிச்சு வந்தா பகல் கிடைக்குமா சார்?"

"அப்போ பாத்துக்கலாம்."

"சார் சொல்றதக் கேளுங்க மேடம். வெள்ளிக்கிழமை மேனேஜர் ஆகப் போறாரு," என்றார் மனோங் தியோ பெருமையாக. "ஆறு மாசமா இவர் டீம்தான் முதல் இடம்."

பதினொன்று இருபத்தேழு.

ரோடலின் ஃபாரத்தைப் பார்த்தாள். விடுப்பு நாட்கள்: நூற்றைந்து. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு ஒரு கட்டுக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டது நினைவுக்கு வந்தது. அதில் ஒரு கட்டம். அப்போது சிரித்துவிட்டு விட்டுவிட்ட கட்டம்.

"மனோங், நூத்தஞ்சுல ஏழு போனா எவ்வளவு?"

"தொண்ணூத்தெட்டு."

"இன்னிக்கு எனக்கு எத்தனாவது நாள்?"

மனோங் தியோ விரலை மடக்கினார். "தொண்ணூத்தொம்போது."

"அம்மாவோட லீவுல ஏழு நாள கொழந்தையோட அப்பாவுக்கு எழுதிக் கொடுக்கலாம். சட்டம். அந்த லாக் புக்க இப்படித் தள்ளுங்க."

வெண்டலின் கையிலிருந்து ஹோப்பியா டப்பா சரிந்தது.

லாக் புத்தகத்தில் பெயர், வந்த நேரம், வந்த நோக்கம் என்று மூன்று கட்டம். மூன்றாவது கட்டத்தில் ரோடலின் பொடி எழுத்தில் எழுதினாள்: என் விடுப்பில் ஏழு நாளை என் கணவர் எல்மர் கபாஹுக்குக்குத் தருகிறேன். பிறகு ஃபோனை ஸ்பீக்கரில் போட்டாள்.

ரொம்ப நேரம் மணி அடித்தது. கடைசியில் ஒரு கொட்டாவி கேட்டது.

"எல்மர், ஏழு நாள் வேணுமா?"

"என்ன ஏழு நாள்?"

"லீவு. என்னோடது. உனக்குத் தரேன்."

"நான் என்ன தப்பு பண்ணேன்?"

"தப்பெல்லாம் இல்ல. வேணுமா, வேண்டாமா?"

"ரோட்ஸ்... இது கனவா?"

"ஆமா. வேணும்னு சொல்லு."

"வேணும்," என்றது குரல். தொடர்ந்து குறட்டை.

மனோங் தியோ சாட்சிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடினார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"அப்போ உங்க லீவு நேத்தோட முடிஞ்சுது."

"ஆமா."

"இன்னிக்கு நீங்க ட்யூட்டில இருக்கீங்க."

"ஆமா!"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "எட்டு மணி ட்யூட்டிக்குப் பதினொண்ணு முப்பத்தொண்ணுக்கு வந்திருக்கீங்க. மூணு மணி முப்பத்தொரு நிமிஷம் லேட்டு. என்ன மேடம் இது, ஏழு வருஷ சர்வீஸ் இருந்துக்கிட்டு?"

"எழுதிக்கோங்க மனோங், எழுதிக்கோங்க!"

"காரணம்?"

"பிரசவம்."

"மனோங், இது செல்லாது!" வெண்டலின் குரல் கீச்சென்று வந்தது. "பேக்கரிக்கும் எழுத்துல தெரிவிக்கணும். அடிங்க அத!"

மனோங் தியோ லாக் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "சார், இதுல ஏறினத அடிச்சா என் வேலை போயிடும். எனக்கும் பாதுகாப்பு வேணும்ல?"

"சரி, கொழந்த? கொழந்தைய உள்ள விடுவீங்களா?"

அது நியாயமான கேள்வி. ஃபோனில் வாடிக்கையாளர் சொல்லும் கார்டு நம்பரை யாரும் குறித்துக்கொண்டு போகாமலிருக்க, உள்ளே கொண்டுபோகக் கூடாத பொருட்கள் என்று சுவரில் ஒரு பட்டியல் தொங்கியது. மனோங் தியோ அதைக் குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் படித்தார். பேனா. காகிதம். ஃபோன். கைக்கடிகாரம். உதட்டுச் சாயம். குடை. முப்பத்தொன்றாவது வரைக்கும் போனார்.

"கொழந்த இல்ல சார்."

"திரவம்னு இருக்கே! பதினாலாவது!"

குச்சி மெதுவாக ஜிங்ஜிங்கின் டயப்பர் பக்கம் திரும்பி, மரியாதையாக ஒரு சாண் தூரத்தில் நின்றது. "உள்ள ஏதாவது இருக்கா மேடம்?"

"இப்போதைக்கு இல்ல."

"குட் மார்னிங் மேடம்-சார்," என்றார் மனோங் தியோ ஜிங்ஜிங்கிடம். பார்வையாளர் அட்டை ஒன்றை எடுத்து அவள் சட்டையில் மாட்டிவிட்டார். ஏழாம் நம்பர்.

ரோடலின் ஃபோனை லாக்கரில் எறிந்துவிட்டு லிஃப்டுக்குள் பாய்ந்தாள். மூடும் கதவிடுக்கில் வெண்டலின் முகம் தெரிந்தது. பிறகு அவர் படிக்கட்டை நோக்கி ஓடும் சத்தம். லிஃப்டில் கிறிஸ்துமஸ் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. செப்டம்பர் பிறந்துவிட்டால் அந்த ஊருக்குக் கிறிஸ்துமஸ்தானே.

மூன்றாவது மாடி. பதினொன்று முப்பத்தெட்டு.

கதவு திறந்ததும் அவள் கண்டது வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள். ஹெட்செட்டுகள் மேஜையில் கிடந்து தங்களுக்குள் ஹலோ, ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தன. ஆட்கள் எல்லோரும் ஹெச்.ஆர். அறைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். ஏ.ஸி. குளிருக்குத் தொப்பி வைத்த ஜாக்கெட் போட்ட ஒரு பையன் திரும்பினான்.

"தள்ளாதீங்க அக்கா. இங்க யாருமே இன்னும் எடுக்கல."

"யாருமேவா? ஏன்?"

"முதல் ரேங்க் எடுத்தாத்தானே ரெண்டாவது ரேங்குக்குத் திறக்கும்? நாலு நாளா முதல் ரேங்க் எடுக்கவே மாட்டேங்குது. கம்ப்யூட்டர் அப்படியே நிக்குது."

"விட்டுட்டு அடுத்த ஆளுக்குப் போக வேண்டியதுதானே?"

"போகாது. ரெண்டு வருஷம் முன்னாடி யாரையோ தாண்டிப் போயி, தொழிலாளர் இலாகா வரைக்கும் புகார் போச்சாம். அதுலேருந்து யாரையும் தாண்டாது."

"யாருப்பா அந்த முதல் ரேங்க்?"

"அதான் தெரியல! பட்டியல்ல பேர மறைச்சு வெச்சிருக்காங்க, பொறாம வரக் கூடாதுன்னு." அவன் குரலைத் தாழ்த்தினான். "கால் வந்ததும் முடிச்சிடறாராம். அந்தப் பக்கம் ஹலோ சொல்றதுக்குள்ள மெஷின் சரியாயிடுதாம்."

"மனுஷனே இல்ல, ரோபோ," என்றாள் ஒருத்தி.

"பாத்ரூம்கூட போக மாட்டாராம். நாப்பதாம் நம்பர் சீட்டுல செத்தவரோட ஆவி," என்றார் இன்னொருவர்.

அழைப்பு எவ்வளவு சீக்கிரம் முடிகிறதோ அவ்வளவு மதிப்பெண். புகார் வராவிட்டால் மதிப்பெண். நாற்காலியை விட்டு எழாவிட்டால் மதிப்பெண். ஏழு வருஷத்தில் ரோடலின் அதிகபட்சம் எட்டிப்பிடித்தது அறுபத்திரண்டாவது ரேங்க்.

தன் முன்னால் இருநூற்றுப் பதின்மூன்று பேர். ஒருவர்கூட எடுக்கவில்லை. இருபத்திரண்டு நிமிஷம். இனி வரிசையை நம்பிப் பிரயோஜனமில்லை. ஹெச்.ஆர். கிளாரிதாவின் காலில் விழுந்து விதிவிலக்கு வாங்க வேண்டும்.

"மிஸ் கிளாரிதா எங்க?"

"காலைலேருந்து காணோம். அடிப்பாங்கன்னு பயந்து எங்கயோ ஒளிஞ்சுக்கிட்டாங்க."

அந்த நேரம் பார்த்து ஜிங்ஜிங்குக்குப் பசித்தது. கம்பெனி முழுவதும் கேட்கும்படி சொன்னாள். படிக்கட்டுக் கதவு திறந்து, மூச்சு வாங்கிக்கொண்டு வெண்டல் வெளிப்பட்டார். ரோடலின் தாழ்வாரத்தில் திரும்பி ஓடினாள். கோடியில் ஒரு சின்னக் கதவு. அதில் எழுதியிருந்தது: பாலூட்டும் அறை. தாய்மார்கள் குழந்தையுடன் மட்டும்.

உள்ளே பூட்டியிருந்தது. தட்டினாள்.

"யாரு?"

"அம்மா."

"என்ன ஆதாரம்?"

ஆதாரம் வீறிட்டு அழுதது. கதவு ஒரு சாண் திறந்தது. ஒரு கை அவளை உள்ளே இழுத்துக்கொண்டு மறுபடி பூட்டியது.

அறை நிறைய கிறிஸ்துமஸ் நட்சத்திரக் கூடுகள். மூலையில் கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கும் மூன்று ராஜா பொம்மைகள். பால் வைக்கும் ஃப்ரிட்ஜில் தொழுவத்து ஆட்டுக்குட்டிகள். நடுவே, ஒட்டகத்தின் முதுகில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு மிஸ் கிளாரிதா. மடியில் உப்பு போட்ட பச்சை மாங்காய் ஒரு டப்பா. காதுக்குப் பக்கத்தில் ஃபோன், ஸ்பீக்கரில்.

'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம். தயவுசெய்து காத்திருக்கவும்,' என்றது ஒரு இனிமையான பெண் குரல். பிறகு இசை.

"மணிலா ஹெட் ஆபீஸு," என்றாள் கிளாரிதா. "பேரப் பாக்கற நம்பர் அவங்ககிட்டதான் இருக்கு. ரெண்டு மணி நேரமா லைன்ல இருக்கேன். இந்தக் குரல் யார் தெரியுமா? நான்தான். நான் ஹெச்.ஆருக்கு வர்றதுக்கு முன்னாடி ரெக்கார்ட் பண்ணது. என்னையே நான் காக்க வெச்சிட்டிருக்கேன்."

ரோடலின் நட்சத்திரங்களை ஒதுக்கி உட்கார்ந்து ஜிங்ஜிங்கை மார்போடு சேர்த்தாள். அழுகை நின்றது.

"மிஸ், எனக்குப் பகல் ஷிஃப்ட் வேணும்."

"உன் வேலை பத்திரமா இருக்கு ரோடலின். அதே பதவி, அதே சம்பளம், அதே நாற்காலி. உன் ஹெட்செட்டக்கூட பிளாஸ்டிக் கவர்ல போட்டு நானே பூட்டி வெச்சிருக்கேன். சட்டப்படி எல்லாம் சரியா இருக்கு."

"நேரம்?"

"நேரம் கம்பெனியோடது. அது மட்டும் நகந்திருக்கு."

"ராத்திரில என் புள்ளைய யார் பாத்துப்பாங்க மிஸ்? நாற்காலிய அப்படியே வெச்சுட்டு, அதுல உக்கார்ற நேரத்த மட்டும் தூக்கி நடு ராத்திரில வெச்சா, அது அதே வேலையா?"

கிளாரிதா மாங்காய்த் துண்டைக் கடித்தாள். மென்றாள். "நல்ல கேள்விதான். ஆனா அதுக்கு ஃபாரம் இல்ல."

"நான் லீவுல போனது ஜிங்ஜிங்குக்காக. திரும்பி வர்றதும் அவளுக்காகத்தான். ராத்திரி ஷிஃப்டுன்னா என்னால வர முடியாது. நானா வேலைய விட்டதா எழுதிக்குவீங்க. யாரும் என்னை அனுப்பலன்னு ஆயிடும்."

'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்,' என்றாள் கிளாரிதா ஃபோனில். எதிரே இருந்த கிளாரிதா அடுத்த மாங்காய்த் துண்டை எடுத்தாள்.

கதவு அதிர்ந்தது.

"கிளாரிதா! உள்ளதான் இருக்கீங்கன்னு தெரியும். திறங்க!" வெண்டல்.

"போர்டப் படிங்க சார். கொழந்தையோட வந்தாத்தான் திறப்பேன்."

"எனக்கு ஒன்பது ஞானக் கொழந்தைங்க இருக்கு!"

"கைல இருக்கா?"

"இல்ல."

"அப்போ திறக்க மாட்டேன்."

"சரி, திறக்க வேண்டாம். ஆனா அந்தப் பேரையும் திறக்காதீங்க! பன்னெண்டு வரைக்கும் பொறுங்க. எல்லாருக்கும் நைட்டு போட்டுடலாம். சமத்துவம்!"

ரோடலினும் கிளாரிதாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பெயர் தெரிந்தால் இவருக்கு என்ன?

பதினொன்று ஐம்பத்திரண்டு. இசை நின்றது.

"ஹலோ, எங்களை அழைத்ததற்கு நன்றி. நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?"

கிளாரிதா ஒட்டகத்தின் மேலேயே கவிழ்ந்து விழப் பார்த்தாள். "தம்பி, கட் பண்ணிடாதே! செபு ஹெச்.ஆர். அந்தப் பேர் திறக்கற நம்பரச் சொல்லு!"

"நிச்சயமாக மேடம். அதற்கு முன், உங்கள் தாயாரின் குடும்பப் பெயர்?"

சொன்னாள். முதலில் வளர்த்த நாயின் பெயரும் கேட்டான். அதையும் சொன்னாள். ஆறு இலக்க எண் வந்தது. அடித்தாள்.

பதினொன்று ஐம்பத்தைந்து.

கிளாரிதா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மாங்காய்த் துண்டு வாயருகே நின்றது.

"முதல் ரேங்க். ஒரு அழைப்புக்கு ஆகிற சராசரி நேரம்... பூஜ்யம் வினாடி."

"பூஜ்யமா?"

"வந்த புகார், பூஜ்யம். பாதில துண்டிச்ச அழைப்பு, பூஜ்யம். பாத்ரூம் போன நேரம், பூஜ்யம். சாப்பாட்டு நேரம், பூஜ்யம்." லேப்டாப்பை மெதுவாகத் திருப்பினாள். "பேர், கபாஹுக், ரோடலின்."

ஜிங்ஜிங் ஒரு ஏப்பம் விட்டாள்.

"மிஸ், நான் போன மாசம் ஒரு காலும் எடுக்கலையே!"

"அதனாலதான். ஒரு கால்லயும் ஒரு வினாடிகூட வீணாக்கல. கம்ப்யூட்டருக்கு அவ்வளவுதான் தெரியும். ரோடலின், மூணு நிமிஷம் இருக்கு. எடு!"

இருபது பகல் இருக்கையும் பச்சை விளக்கோடு காத்துக்கொண்டிருந்தன. ரோடலின் குழந்தையை ஒரு கையில் தாங்கிக்கொண்டு மறு கையின் சுண்டுவிரலால் முதல் விளக்கைத் தொட்டாள். காலை ஏழிலிருந்து மாலை நான்கு. உறுதியா என்று கேட்டது. உறுதி என்றாள். நிச்சயமாக உறுதியா என்று கேட்டது. அவள் கம்ப்யூட்டரையே அறைவதுபோல் அழுத்தினாள்.

விளக்கு சிவப்பாயிற்று. அவளுடையது. ரோடலின் மூக்கை ஜிங்ஜிங்கின் உச்சந்தலையில் வைத்துக்கொண்டாள். சற்று நேரம் எடுக்கவில்லை.

தாழ்வாரத்தில் பெரிய ஆரவாரம் எழுந்தது. வரிசை நகர்ந்துவிட்டது! அடுத்த நொடி ஆரவாரம் அடங்கியது. திரையில் புதிய வரி: இரண்டாம் ரேங்குக்காகக் காத்திருக்கிறது.

"தம்பி, செபுவுக்கு இன்னும் ஒரு நாள் கொடு," என்றாள் கிளாரிதா ஃபோனில். "இல்லன்னா திரும்பவும் கூப்பிடுவேன்." மணிலா உடனே ஒப்புக்கொண்டது.

அவள் இரண்டாம் ரேங்கின் பெயரைத் திறந்தாள். சராசரி நேரம், பூஜ்யம் வினாடி. மூன்றாவதைத் திறந்தாள். பூஜ்யம். நான்காவது. ஐந்தாவது. ஒன்பதாவது வரைக்கும் பூஜ்யம். பத்தாவதில்தான், ஒரு அழைப்புக்கு ஆறரை நிமிஷம் பேசுகிற, பாத்ரூம் போகிற ஒரு மனித ஜென்மம் வந்தது.

ரோடலின் பெயர்களைப் படித்தாள். எல்லோரையும் தெரியும். நான்காம் மாதத்தில் டீம் மாறி வந்தவள். ஐந்தாம் மாதத்தில் வந்தவள். வெண்டலே மாப்பிள்ளை பார்த்து, கல்யாணத்துக்கு கேக்கும் வாங்கிக் கொடுத்தாரே, அந்த ஜெஸ்ஸா. ஒன்பது பேரும் பிரசவ விடுப்பில். ஒன்பது பேரும் ஒரே டீம். இப்படி மாறி மாறி வந்த பூஜ்யங்களில்தான் ஆறு மாசமாக அந்த டீம் முதலிடத்தில் உட்கார்ந்திருந்தது.

வறுத்த கோழி. தொட்டில். லீவ நீட்டலாமே.

கதவைத் தட்டும் சத்தம் நின்றிருந்தது. பேபி பவுடர் வாசனை மட்டும் கதவிடுக்கில் மிச்சம் இருந்தது.

"மிஸ்," என்றாள் ரோடலின். "அவர் வெச்சிருக்கறது டீமே இல்ல. பிரசவ வார்டு."

கிளாரிதா மாங்காய் டப்பாவை மூடினாள். கை தானாக இறங்கி அடிவயிற்றில் போய் நின்றது.

"போன வாரம் என்கிட்டயும் வந்தாரு," என்றாள் மெல்ல. "ஹெச்.ஆர். வேலை அலுத்துடுச்சுன்னா என் டீமுக்கு வந்துடுங்கன்னு சொல்லி ஒரு பாட்டில் மாத்திரை கொடுத்துட்டுப் போனாரு. நான்... நான் இன்னும் என் புருஷன்கிட்டகூட சொல்லலையே!"